மெய்நிகர் சர்வருக்கு வால்யூம் ஒதுக்குவது: முதல் முறை செய்பவர்களுக்கான வழிகாட்டி

"அந்த விஎம்முக்கு இன்னொரு 200 ஜிபி டிஸ்க் சேர்த்துக் கொடுங்கள்." விஎம்களை, அதாவது ஒரு நிஜ சர்வருக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் சர்வர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு முதலில் வரும் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. திரையில் நாலு கிளிக்கில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு அடியில் ஏழெட்டு அடுக்குகள் இருக்கின்றன. எந்த அடுக்கில் கை வைக்கிறோம் என்று தெரியாமல் கிளிக் செய்தால் வேறு யாருடைய டேட்டாவோ போய்விடும்.

இந்தக் கட்டுரையில் ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே போகலாம். விஎம்களை ஓட்டும் இரண்டு நிஜ சர்வர்கள் (ஹோஸ்ட்), இரண்டுக்கும் பொதுவான ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, நடுவில் ஐஸ்கசி (டிஸ்க் கட்டளைகளை நெட்வொர்க் வழியாக அனுப்பும் முறை) நெட்வொர்க், மேலே லினக்ஸ் ஓடும் ஒரு விஎம். அந்த விஎம்மில் டேட்டாபேஸ் வைக்க 200 ஜிபி வேண்டும். விஎம்களை ஓட்டும் மென்பொருளாக நிறைய அலுவலகங்களில் விஎம்வேர் ஓடுவதால் அதன் சொற்களை அதிகம் பயன்படுத்துகிறேன். 2023 நவம்பரில் பிராட்காம் விஎம்வேரை வாங்கிய பிறகு பலர் ப்ராக்ஸ்மாக்ஸ், ஹைப்பர்-வி என்ற மாற்று மென்பொருள்கள் பக்கமும் பார்க்க ஆரம்பித்திருப்பதால், வேறுபடும் இடங்களில் அவற்றையும் சொல்கிறேன்.

அடுக்குகளை முதலில் மனதில் வாங்குங்கள்

எல்லாவற்றுக்கும் கீழே நிஜமான டிஸ்க்குகள். அவற்றை ரெய்டு குழுவாகவோ (டிஸ்க் ஒன்று கெட்டாலும் டேட்டா போகாதபடி சேர்ப்பது) பூலாகவோ (பொதுத் தொகுப்பு) சேர்த்திருப்பார்கள். அந்தப் பூலிலிருந்து வெட்டிக் கொடுக்கும் துண்டுதான் லன். அது நெட்வொர்க் வழியாக ஹோஸ்டுக்குப் போகிறது. ஹோஸ்ட் அதன் மேல், விஎம்களின் ஃபைல்களை வைக்கும் இடமான டேட்டாஸ்டோர் ஒன்றை உருவாக்குகிறது. டேட்டாஸ்டோருக்குள் விஎம்மின் டிஸ்க் வெறும் ஒரு ஃபைல்: விஎம்வேரில் விஎம்டிகே, ஹைப்பர்-வியில் விஹெச்டிஎக்ஸ், லினக்ஸின் கேவிஎம்மில் (ப்ராக்ஸ்மாக்ஸ் பயன்படுத்துவதும் இதுதான்) பெரும்பாலும் க்யூகவ்2. அந்த ஃபைல் ஒரு மெய்நிகர் கன்ட்ரோலர் வழியாக விஎம்முக்குள் டிஸ்க்காகத் தெரியும். உள்ளே பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிப்பது), எல்விஎம் (அளவை மாற்றக்கூடிய வால்யூம்களாக வெட்டும் லினக்ஸ் வசதி), ஃபைல் சிஸ்டம், கடைசியாக மவுண்ட் (ஒரு டைரக்டரியில் இணைப்பது).

உருவாக்கும்போதும் பெரிதாக்கும்போதும் கீழிருந்து மேலே போக வேண்டும். குறைக்கும்போதும் அகற்றும்போதும் மேலிருந்து கீழே. இடம் கொடுப்பது சுலபம். கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்குவது மிகவும் கஷ்டம், சில அடுக்குகளில் முடியவே முடியாது. கீழே சொல்லப்போகிற தேர்வுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரே காரணத்தால் வருபவைதான். அதனால் கேட்டவர் 2 டிபி கேட்டாலும், இப்போது என்ன தேவையோ அதைக் கொடுத்து, பெரிதாக்க வழியை வைத்துவிடுங்கள்.

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை

எவ்வளவு இடம் என்பதை எல்லோரும் கேட்பார்கள். என்ன வேலைக்கு என்பதை ரொம்பப் பேர் கேட்பதில்லை. பேக்கப் ஃபைல்கள் வைக்கும் வால்யூமும் டேட்டாபேஸ் வால்யூமும் அளவில் ஒன்றாக இருக்கலாம், நடத்தையில் ஒன்றல்ல. பேக்கப் பெரிய பெரிய துண்டுகளாக வரிசையாக எழுதும். டேட்டாபேஸ் சின்னச் சின்னத் துண்டுகளை அங்குமிங்கும் எழுதும். இரண்டாவது வகைக்கு எத்தனை ஜிபி என்பதைவிட வினாடிக்கு எத்தனை எழுத்துகள், அதாவது எழுதும் செயல்கள், தாங்கும் என்பதுதான் முக்கியம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு 150 செயல்கள் தாங்கும் சுழலும் டிஸ்க்குகள் 8 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1200. ரெய்டு 10-இல் ஒவ்வொரு எழுத்தும் 2 டிஸ்க்குகளில் போகும். ஆக எழுத மட்டும் என்றால் 600 தான். ரெய்டு 5-இல் ஒரு சிறிய எழுத்துக்குப் பழைய டேட்டாவையும் பாரிட்டியையும் (கெட்ட டிஸ்க்கின் டேட்டாவை மீட்க உதவும் கூடுதல் தகவல்) படித்து இரண்டையும் மறுபடி எழுத வேண்டும், மொத்தம் 4 செயல்கள், அதனால் 300. ரெய்டு 6-இல் 6 செயல்கள், 200 தான் மிஞ்சும். கன்ட்ரோலரின் கேச் இதைக் கொஞ்சம் மறைக்கும், ஆனால் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் கேச் நிரம்பி உண்மை வெளியே வந்துவிடும். எஸ்எஸ்டி பூலாக இருந்தால் இந்தக் கணக்கைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

அளவைப் பேசும்போது இன்னொரு சின்னக் குழப்பம். டிஸ்க் தயாரிப்பாளர்கள் 1 டிபி என்று சொல்வது 1000-இன் பெருக்கத்தில். பெரும்பாலான சிஸ்டங்கள் 1024-இன் பெருக்கத்தில் காட்டும், அதனால் அதே டிஸ்க் சுமார் 931 என்று தெரியும். எங்கோ 69 ஜிபி காணாமல் போய்விட்டது என்று யாராவது வந்து கேட்டால் இதுதான் பதில்.

இதோடு, பேக்கப் யார் எடுக்கிறார்கள், இந்த வால்யூமை இரண்டு விஎம்கள் ஒரே நேரத்தில் பயன்படுத்தப் போகின்றனவா என்ற இரண்டையும் கேட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

தின்னா, திக்கா?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

திக் என்றால் 200 ஜிபி கேட்டவுடன் 200 ஜிபியும் டேட்டாஸ்டோரில் ஒதுக்கப்பட்டுவிடும். விஎம்வேரில் இதிலும் இரண்டு வகை. லேசி ஜீரோடு வகையில் இடம் மட்டும் ஒதுக்கப்படும்; ஒவ்வொரு பிளாக்கிலும் முதன்முதலாக எழுதும்போதுதான் அது பூஜ்யமாக்கப்படும், அதனால் முதல் எழுத்து சற்று மெதுவாக இருக்கும். ஈகர் ஜீரோடு வகையில் உருவாக்கும்போதே முழுவதும் பூஜ்யமாக்கப்படும். உருவாக்க நேரம் பிடிக்கும், அப்புறம் சிக்கல் இல்லை. விஎம்எஃப்எஸ் (விஎம்வேரின் ஃபைல் சிஸ்டம்) டேட்டாஸ்டோரில் விஎம்டிகே ஒன்றை இரண்டு விஎம்கள் பகிரும் கிளஸ்டர்களுக்கு (ஒன்றாகச் செயல்படும் சர்வர் குழுக்கள்) இந்த வகைதான் தேவைப்படும்.

தின் என்றால் 200 ஜிபி என்று விஎம்முக்குச் சொல்லப்படும், ஆனால் எழுதிய அளவுக்குத்தான் இடம் போகும். 30 ஜிபி எழுதியிருந்தால் 30 ஜிபி. மீதி வெறும் வாக்குறுதி. கணக்கில் இருக்கும் பணத்தைவிட அதிகத்துக்குக் காசோலை கொடுத்து வைப்பது போலத்தான். எல்லோரும் ஒரே நாளில் வங்கிக்குப் போகாத வரை ஓடும். 2 டிபி டேட்டாஸ்டோரில் தலா 400 ஜிபி தின் டிஸ்க்குடன் 10 விஎம்கள் இருந்தால் 4 டிபி வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள்.

நிரம்பினால் என்ன ஆகும்? விஎம்வேரில் புதிய பிளாக் கேட்கிற விஎம் அப்படியே நின்றுவிடும். இடம் ஏற்படுத்திவிட்டு மறுபடி முயலச் சொன்னால் தொடரும். ஏற்கெனவே எழுதிய பிளாக்குகளுக்குள்ளேயே வேலை செய்யும் விஎம் ஒன்றும் நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும். இந்தக் குழப்பத்தால்தான் முதல் அரை மணி நேரம் நெட்வொர்க் பிரச்சினை என்று நினைத்துத் தேடுவார்கள். கேவிஎம்மிலும் எழுத இடமில்லாத விஎம் பொதுவாக இடைநிறுத்தப்படும். லினக்ஸின் எல்விஎம் தின் பூல் இன்னும் முரட்டுத்தனமானது: வழக்கமான அமைப்பில் 60 வினாடிகள் காத்திருந்துவிட்டு எரர் கொடுக்க ஆரம்பிக்கும். ஃபைல் சிஸ்டத்தின் கதி அதற்குப் பிறகு அதிர்ஷ்டம்.

தின்னைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் கண்காணிப்பு அலாரம் போடத் தயாராக இல்லாவிட்டால் அதைத் தொடாதீர்கள். இன்னொன்று, ஸ்டோரேஜ் பெட்டியிலும் தின், டேட்டாஸ்டோரிலும் தின் என்று இரண்டு இடத்திலும் வைக்காமல் ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் வைத்தால், எங்கே பார்க்க வேண்டும் என்பதாவது தெளிவாக இருக்கும். என் விருப்பம்: பெட்டியில் தின், மேலே முக்கியமான டேட்டாபேஸ்களுக்குத் திக். லன்னாக இல்லாமல் நெட்வொர்க்கில் பகிரும் ஃபோல்டராக வரும் என்எஃப்எஸ் டேட்டாஸ்டோராக இருந்தால் இந்தத் தேர்வே உங்களுக்கு இருக்காது. பெட்டித் தயாரிப்பாளரின் ப்ளக்இன் போடாத வரை அங்கே எல்லாம் தின் தான்.

படி 1: பெட்டியில் லன் உருவாக்கி ஹோஸ்டுகளுக்குக் காட்டுவது

ஒரு விஎம்முக்கு ஒரு லன் என்று வெட்ட வேண்டியதில்லை. பல விஎம்கள் சேர்ந்து இருக்கும் டேட்டாஸ்டோருக்காக லன் வெட்டுகிறோம், 200 ஜிபி டிஸ்க் அதற்குள் ஒரு ஃபைலாக வரும். ஏற்கெனவே இடம் உள்ள டேட்டாஸ்டோர் இருந்தால் நேராகப் படி 3-க்குப் போய்விடலாம்.

லன்னுக்குப் பெயர் வைக்கும்போது சோம்பல் வேண்டாம். எந்தக் கிளஸ்டர், என்ன உபயோகம், எந்தப் பூல், எத்தனையாவது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். "டெஸ்ட்2", "நியூ-லன்" மாதிரிப் பெயர்கள் இரண்டு வருடம் கழித்து யாரும் அழிக்கத் துணியாத பொருள்களாக மாறிவிடும்.

ஐஸ்கசியில் ஹோஸ்ட்தான் இனிஷியேட்டர் (இணைப்பைத் தொடங்குவது), பெட்டி டார்கெட் (இணைப்பை ஏற்பது). ஒவ்வொருவருக்கும் ஐக்யூஎன் என்ற நீளமான ஒரு பெயர் உண்டு. ஹோஸ்டின் ஐக்யூஎன்னைப் பெட்டியில் பதிவு செய்து, இரண்டு ஹோஸ்டுகளையும் ஒரே ஹோஸ்ட் குழுவில் போட்டு, அந்தக் குழுவுக்கு லன்னைக் காட்டுங்கள். குழுவாகக் காட்டினால் லன் எண் இரண்டு ஹோஸ்டிலும் ஒன்றாகவே இருக்கும். தனித்தனியாகக் காட்டினால் ஒன்றில் 3, இன்னொன்றில் 5 என்று வந்து பிறகு தலைவலி. டார்கெட் கேட்கும் போர்ட் 3260. ஸ்டோரேஜ் நெட்வொர்க்கைப் பயனர் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள், முடிந்தால் சாப் (ஐஸ்கசி இணைப்பில் அடையாளத்தைச் சரிபார்க்கும் முறை) கடவுச்சொல்லும் போடுங்கள். ஃபைபர் சேனலாக (ஸ்டோரேஜுக்கான இன்னொரு நெட்வொர்க் வகை) இருந்தால் ஐக்யூஎன்னுக்குப் பதில் டபிள்யூடபிள்யூபிஎன் என்ற அடையாள எண், கூடவே எது எதைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் பிரிக்கும் சோனிங் வேலை. மற்றபடி தத்துவம் ஒன்றுதான்.

ஜம்போ ஃப்ரேம் வைத்திருந்தால், அதாவது எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 பைட், ஹோஸ்ட், ஸ்விட்ச், பெட்டி மூன்றிலும் வைத்திருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனாலும் இணைப்பு ஏற்படும், லன் தெரியும், ஆனால் பெரிய டேட்டா போகும்போது மட்டும் தொங்கும். சோதிக்க வழி உண்டு: துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்துடன் 8972 பைட் அளவில் பிங் செய்யுங்கள். 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பி தலைப்புக்கு 8 போனால் மிஞ்சுவது அதுதான். அது போனால் பாதை சரி.

இனி மல்டிபாத். ஹோஸ்டிலிருந்து பெட்டிக்கு இரண்டு வழிகள் இருக்க வேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றொன்று தாங்கும். விஎம்வேர் ஒரே லன்னின் பல பாதைகளைத் தானாகவே ஒன்றாகக் காட்டும். லினக்ஸ் ஹோஸ்டில் மல்டிபாத் சேவையை இயக்காவிட்டால் ஒரே லன் எஸ்டிபி, எஸ்டிசி என்று இரண்டு டிஸ்க்காகத் தெரியும். இரண்டு டிஸ்க் கிடைத்துவிட்டது என்று இரண்டையும் ஃபார்மேட் செய்தவர்கள் உண்டு. இரண்டின் டபிள்யூடபிள்யூஐடி என்ற அடையாள எண்ணும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே டிஸ்க்.

படி 2: டேட்டாஸ்டோர்

ஹோஸ்டில் ஸ்டோரேஜ் ரீஸ்கேன் செய்யுங்கள். புதிய லன் பட்டியலில் வரும். அதன் அளவைப் பார்த்து மட்டும் இதுதான் என்று முடிவு செய்யாதீர்கள், ஒரே அளவில் நாலு லன்கள் இருக்கலாம். பெட்டி காட்டும் அடையாள எண்ணையும் ஹோஸ்ட் காட்டும் என்ஏஏ எண்ணையும் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த பட்டனை அழுத்த வேண்டும். ஏற்கெனவே அதில் டேட்டாஸ்டோர் இருக்கிறது, கையொப்பத்தை வைத்துக்கொள்ளவா, புதிதாக்கவா, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். நீங்கள் இப்போதுதான் வெட்டிய காலி லன்னில் அந்தக் கேள்வி வரக் கூடாது. வந்தால் தவறான லன்னில் நிற்கிறீர்கள்.

விஎம்எஃப்எஸ் 6 வகையைத் தேர்ந்தெடுங்கள்; 2016-இல் விஎம்வேரின் விஸ்பியர் 6.5-உடன் வந்தது. டேட்டாஸ்டோர் 64 டிபி வரை போகலாம், ஒரு விஎம்டிகே 62 டிபி வரை. போகலாம் என்பதற்காகப் போக வேண்டாம். ஒரே பெரிய டேட்டாஸ்டோரில் எல்லாவற்றையும் வைத்தால் அது விழுந்த அன்று எல்லாம் விழும். குட்டி குட்டியாகப் பதினைந்து வைத்தால் ஒவ்வொன்றிலும் பயன்படாத ஓரம் மிஞ்சும். நடுவாந்தரமாக நாலைந்து வைத்து, வேலையின் தன்மைக்கேற்பப் பிரிப்பது நிம்மதி.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். விஎம்எஃப்எஸ் இரண்டு ஹோஸ்டுகள் ஒரே நேரத்தில் எழுதுவதைப் பூட்டுகள் மூலம் சமாளிக்கத் தெரிந்த ஃபைல் சிஸ்டம். லினக்ஸின் இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் எதற்கும் அது தெரியாது. ஒரே லன்னை இரண்டு லினக்ஸ் ஹோஸ்டுகளில் இஎக்ஸ்டி4 ஆக மவுண்ட் செய்தால் முதல் சில நிமிடங்கள் எல்லாம் நன்றாக இருப்பது போலவே தோன்றும், அதற்குள் உள்ளே சிதைந்துகொண்டிருக்கும். ஹைப்பர்-வி கிளஸ்டரில் இதற்கு சிஎஸ்வி என்ற பகிரும் வால்யூம் இருக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் ஐஸ்கசி லன்னின் மேல் சாதாரண எல்விஎம் போட்டுப் பகிரலாம், ஆனால் எல்விஎம்-தின்னைப் பல நோடுகளுக்கு (கிளஸ்டரில் உள்ள ஹோஸ்டுகள்) பகிர முடியாது.

டேட்டாஸ்டோரை எப்போதும் முழுக்க நிரப்பாதீர்கள். விஎம்மை இயக்கும்போது அதன் ரிசர்வ் செய்யப்படாத (அதற்கென்றே ஹோஸ்டில் ஒதுக்கி வைக்காத) மெமரி அளவுக்கு ஒரு ஸ்வாப் ஃபைல் (மெமரி போதாதபோது டிஸ்க்கில் பயன்படுத்தும் ஃபைல்) அங்கேயே உருவாகும். 32 ஜிபி மெமரி, ரிசர்வேஷன் எதுவும் இல்லை என்றால் டிஸ்க்கைத் தவிர இன்னும் 32 ஜிபி. ஸ்னாப்ஷாட் (விஎம்மின் அந்த நேர நிலையைப் பிடித்து வைப்பது) எடுத்தால், அதற்குப் பிந்தைய மாற்றங்களை வைக்கும் டெல்டா ஃபைலும் அங்கேதான் வளரும். 20 சதவீதம் காலியாக வைத்திருப்பது கஞ்சத்தனம் அல்ல.

படி 3: விஎம்முக்கு டிஸ்க் சேர்ப்பது

ஓஎஸ் இருக்கும் டிஸ்க்கைப் பெரிதாக்கி அதிலேயே டேட்டாவையும் போடுவது குறுக்குவழி, பிறகு வருத்தம். டேட்டாவுக்குத் தனி டிஸ்க் கொடுங்கள். ஓஎஸ் கெட்டுப்போனால் டேட்டா டிஸ்க்கைக் கழற்றி வேறு விஎம்மில் மாட்டிவிடலாம்.

விஎம் அமைப்புகளில் புதிய ஹார்ட் டிஸ்க், 200 ஜிபி, நீங்கள் முடிவு செய்த வகை, சரியான டேட்டாஸ்டோர். கன்ட்ரோலராக விஎம்வேர் பாராவர்ச்சுவல் என்ற வகை நல்ல தேர்வு. டேட்டாபேஸுக்கு என்றால் ஓஎஸ் டிஸ்க் இருக்கும் கன்ட்ரோலரில் வைக்காமல் இன்னொரு கன்ட்ரோலர் சேர்த்து அதில் வையுங்கள், காத்திருக்கும் கோரிக்கைகளின் வரிசைகள் தனித்தனியாகிவிடும். டிஸ்க் எந்தக் கன்ட்ரோலரில் எந்த எண்ணில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 7-ஆம் எண் கன்ட்ரோலருக்கே ஒதுக்கப்பட்டது, அது பட்டியலில் இல்லையே என்று தேட வேண்டாம்.

கேவிஎம்மில் விர்ட்ஐஓ-பிளாக், விர்ட்ஐஓ-ஸ்கசி என்று இரண்டு கன்ட்ரோலர் வகைகள். முதலாவதில் டிஸ்க் விடிஏ, விடிபி என்று வரும், இரண்டாவதில் எஸ்டிஏ, எஸ்டிபி. நிறைய டிஸ்க்குகள் மாட்டப்போகிறீர்கள் என்றால் இரண்டாவது வசதி. விண்டோஸ் விஎம்மில் விர்ட்ஐஓ டிரைவர் போடாவிட்டால் டிஸ்க் தெரியாது. க்யூகவ்2 வகை ஸ்னாப்ஷாட், தின் இரண்டையும் தரும்; ரா வகை வேகத்தில் சற்று மேல். ஓடிக்கொண்டிருக்கும் விஎம்முக்கு விர்ஷ் கட்டளையால் டிஸ்க்கை மாட்டும்போது பெர்சிஸ்டென்ட் விருப்பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். மறந்தால் டிஸ்க் இப்போது தெரியும், விஎம்மை அணைத்து மறுபடி ஏற்றும்போது இருக்காது.

படி 4: விஎம்முக்குள்

லினக்ஸ் விஎம்மில் டிஸ்க் தானாகத் தெரியாவிட்டால் ஸ்கசி ரீஸ்கேன் செய்யுங்கள். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் 200 ஜிபி டிஸ்க் ஒன்று, எந்தப் பார்ட்டிஷனும் மவுண்டும் இல்லாமல் நிற்க வேண்டும். அதில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் நிறுத்திவிட்டு ஏன் என்று பாருங்கள்.

பார்ட்டிஷன் போட வேண்டுமா? போடலாம், போடாமல் முழு டிஸ்க்கையும் எல்விஎம்முக்கே கொடுக்கலாம். போட்டால் யார் பார்த்தாலும் இந்த டிஸ்க் பயன்பாட்டில் இருக்கிறது என்று தெரியும். போடாவிட்டால் பிறகு பெரிதாக்குவதில் ஒரு படி குறையும். மெய்நிகர் டேட்டா டிஸ்க்குக்கு நான் போடுவதில்லை, ஆனால் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி செய்வதுதான் முக்கியம். போடுவதாக இருந்தால் ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் வகையைப் போடுங்கள். பழைய வகையான எம்பிஆர் 512 பைட் செக்டர் கணக்கில் 2 டிபியோடு நின்றுவிடும், இன்று 200 ஜிபியாக இருப்பது நாளைக்கு எங்கே போகும் என்று தெரியாது.

எல்விஎம் மூன்று கட்டளைகள்: பிவிகிரியேட் டிஸ்க்கைத் தயார் செய்யும், விஜிகிரியேட் அதை ஒரு குழுவாக்கும், எல்விகிரியேட் குழுவிலிருந்து வால்யூம் வெட்டும். குழுவில் கொஞ்சம் இடத்தை வெட்டாமல் விட்டு வைப்பது பின்னால் கைகொடுக்கும்.

ஃபைல் சிஸ்டமாக எக்ஸ்எஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4. ரெட் ஹேட் 2014-இல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்எஸ்ஸையே இயல்பாக வைத்திருக்கிறது. பெரிய ஃபைல்களுக்கு அது அருமை, ஆனால் ஒருமுறை பெரிதாக்கினால் குறைக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இஎக்ஸ்டி4-ஐ அன்மவுண்ட் செய்துவிட்டுக் குறைக்கலாம். அதில் 5 சதவீதம் ரூட் பயனருக்காக ஒதுக்கப்படும். 200 ஜிபியில் 10 ஜிபி. டேட்டா வால்யூமில் அதை 1 சதவீதமாக்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

இனி மவுண்ட். பூட்டின்போது எதை எங்கே மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எஸ்டிபி என்ற பெயரை எழுதாதீர்கள், அடுத்த பூட்டில் அது எஸ்டிசி ஆகலாம். யுயுஐடி என்ற மாறாத அடையாளத்தை எழுதுங்கள், எல்விஎம் என்றால் வால்யூமின் பெயர் போதும். எழுதி முடித்ததும் ஃபைண்ட்எம்என்டி கட்டளையின் சரிபார்ப்பு விருப்பத்தை ஓட்டி, அதன் பிறகு எல்லாவற்றையும் மவுண்ட் செய்யும் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். இந்த ஃபைலில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் அடுத்த பூட்டில் சர்வர் அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும், பெரும்பாலும் வசதியில்லாத நேரத்தில்.

அதைத் தவிர்க்க நோஃபெயில் என்ற விருப்பம் உண்டு. டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் ஏறிவிடும். நல்லதுதான், ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. டிஸ்க் மவுண்ட் ஆகாத நிலையில் டேட்டாபேஸ் கிளம்பினால், மவுண்ட் இடத்தில் இருக்கும் காலி டைரக்டரிக்குள், அதாவது ஓஎஸ் டிஸ்க்கில், புதிதாக எழுத ஆரம்பிக்கலாம். டேட்டா முழுக்கப் போய்விட்டது என்று அலறுவார்கள். உண்மையில் அது மவுண்ட் ஆகாத டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், ஓஎஸ் டிஸ்க்கில் புதுக் குப்பை சேர்ந்துகொண்டிருக்கும். தடுப்பது சுலபம்: மவுண்ட் செய்வதற்கு முன், காலி டைரக்டரியை சாட்டர் கட்டளையால் மாற்ற முடியாததாக ஆக்கிவிடுங்கள். மவுண்ட் ஆனால் அந்தப் பூட்டு தெரியாது, ஆகாவிட்டால் யாராலும் அங்கே எழுத முடியாது. கூடவே சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியில் டேட்டாபேஸ் சேவை இந்த மவுண்ட்டை நம்பியிருக்கிறது என்றும் எழுதிவிடுங்கள்.

விண்டோஸ் விஎம்மில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ஆஃப்லைனில் இருக்கும் டிஸ்க்கை ஆன்லைனாக்கி, ஜிபிடியாகத் தொடங்கி, என்டிஎஃப்எஸ் ஃபார்மேட். எஸ்க்யூஎல் சர்வருக்கு என்றால் அலகு அளவு (ஃபைல் சிஸ்டம் இடத்தை ஒதுக்கும் துண்டின் அளவு) 64 கேபி. வழக்கமான 4 கேபியில் விட்டால் வால்யூம் 16 டிபியைத் தாண்டாது.

படி 5: கொடுப்பதற்கு முன் சோதனை

விஎம்மை ஒருமுறை ரீபூட் செய்து மவுண்ட் தானாக வருகிறதா என்று பாருங்கள். இப்போது யாரும் பயன்படுத்தவில்லை, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வேகத்தைப் பார்க்க டிடி கட்டளையால் பூஜ்யங்களை எழுதிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நிறைய ஸ்டோரேஜ் பெட்டிகள் பூஜ்யங்களைச் சுருக்கிவிடும், எழுதாமலேயே விட்டுவிடும். வருவது கற்பனை எண். அதற்குப் பதில் எஃப்ஐஓ என்ற சோதனைக் கருவியால் சிறிய துண்டுகளில், தாறுமாறான இடங்களில், படிப்பும் எழுத்தும் கலந்து, கேச்சைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். வேகத்தைவிடத் தாமதத்தைக் கவனியுங்கள். தொடர்ந்து 20 மில்லி வினாடிக்கு மேல் இருந்தால் டேட்டாபேஸ்காரர்கள் சீக்கிரமே உங்களைத் தேடி வருவார்கள்.

புதிய லன் என்றால் ஒரு பாதையை அணைத்துப் பாருங்கள். எழுத்து சில வினாடிகள் தயங்கிவிட்டுத் தொடர வேண்டும். இதைச் சோதிக்காத மல்டிபாத்தை மல்டிபாத் என்று கணக்கில் சேர்க்க வேண்டாம்.

பெரிதாக்கும்போது

மாதங்கள் கழித்து இன்னும் 100 ஜிபி கேட்பார்கள். டேட்டாஸ்டோரில் இடம் இருந்தால் விஎம்டிகேயிலிருந்து ஆரம்பிக்கலாம். அளவுப் பெட்டி மங்கலாகி மாற்ற முடியாமல் இருந்தால் விஎம்முக்கு ஸ்னாப்ஷாட் இருக்கிறது என்று அர்த்தம். அதை நீக்கிய பிறகே பெரிதாக்க முடியும். அப்புறம் விஎம்முக்குள் அந்த டிஸ்க்கை ரீஸ்கேன், பார்ட்டிஷன் இருந்தால் அதைப் பெரிதாக்கும் குரோபார்ட் கட்டளை, பிறகு எல்விஎம்முக்குப் பிவிரீசைஸ், எல்விஎக்ஸ்டெண்ட், கடைசியில் ஃபைல் சிஸ்டம். எல்விஎக்ஸ்டெண்டில் கூட்டல் குறியோடு 100 ஜிபி என்றால் இன்னும் 100 சேர். கூட்டல் குறி இல்லாவிட்டால் மொத்தமே 100 என்று பொருள். ஃபைல் சிஸ்டத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும் விருப்பம் அதிலேயே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். டிஎஃப் கட்டளையில் அளவு மாறவில்லை என்றால் பெரும்பாலும் கடைசி அடுக்கு விட்டுப்போயிருக்கும்.

இரண்டாவது டிஸ்க் சேர்த்து அதே குழுவில் இணைப்பதும் ஒரு வழி. வேலை செய்யும். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தால்தான் ஒரு வால்யூம். மீட்டெடுக்கும்போது ஒன்று விட்டுப்போனால் இரண்டும் வீண். இருக்கிற டிஸ்க்கைப் பெரிதாக்க முடியும்வரை அதையே செய்யுங்கள்.

விண்டோஸில் சி டிரைவைப் பெரிதாக்கும்போது மட்டும் ஓர் எரிச்சல். ரெகவரி பார்ட்டிஷன் நடுவில் உட்கார்ந்திருந்தால் எக்ஸ்டெண்ட் பட்டன் மங்கலாகவே இருக்கும்.

தினசரி கவனம்

விஎம்முக்குள் 80 ஜிபி ஃபைலை அழித்தால் தின் டிஸ்க்கின் இடம் டேட்டாஸ்டோருக்குத் தானாகத் திரும்பிவிடாது. அழித்த பிளாக்குகள் இவை என்று ஃபைல் சிஸ்டம் கீழே சொல்ல வேண்டும். லினக்ஸில் அதைச் செய்வது எஃப்எஸ்ட்ரிம் கட்டளை, அதை வாரம் ஒருமுறை ஓட்ட டைமரும் உண்டு, இயங்குகிறதா என்று பாருங்கள். கேவிஎம்மில் டிஸ்க்குக்கு டிஸ்கார்ட் (அழித்த இடத்தை விடுவிக்கும்) அனுமதி கொடுத்திருந்தால்தான் அது கீழே போகும். ப்ராக்ஸ்மாக்ஸில் அது ஒரு டிக் பெட்டி. விஎம்எஃப்எஸ் 6 தன் பங்கைப் பெட்டிக்குப் பின்னணியில் தானே திருப்பிக் கொடுக்கும்.

அலாரத்தை 75 சதவீதம் நிரம்பும்போது ஒன்று, 85-இல் ஒன்று வையுங்கள். எல்விஎம் தின் பூலில் டேட்டா சதவீதத்தோடு மெட்டாடேட்டா (எந்தப் பிளாக் எங்கே என்ற கணக்கு) சதவீதத்தையும் பாருங்கள். டேட்டாவுக்கு நிறைய இடம் இருக்கும்போதே மெட்டாடேட்டா நிரம்பிப் பூல் நிற்கலாம். பூல் தானாக வளரும் வசதி உண்டு, ஆனால் அதன் வரம்பு இயல்பாக 100, அதாவது அணைந்தே இருக்கும்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நினைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது அதே டேட்டாஸ்டோரில், அசல் டிஸ்க்கை நம்பி இருப்பது. டேட்டாஸ்டோர் போனால் அதுவும் போகும். 72 மணி நேரத்துக்கு மேல் ஒரு ஸ்னாப்ஷாட்டை வைக்க வேண்டாம் என்பது விஎம்வேரின் பரிந்துரை.

அகற்றும்போது

இங்கே திசை தலைகீழ். சேவையை நிறுத்துங்கள், அன்மவுண்ட் செய்யுங்கள், எஃப்எஸ்டேப் வரியை நீக்குங்கள், எல்விஎம் குழுவைச் செயலிழக்கச் செய்யுங்கள், அப்புறம் விஎம்மிலிருந்து டிஸ்க்கைக் கழற்றுங்கள். கழற்றும்போது ஃபைலையும் டேட்டாஸ்டோரிலிருந்து அழிக்கவா என்று ஒரு டிக் இருக்கும். முதல் நாளே அதைத் தொட வேண்டாம்.

லன்னையே அகற்றுவதாக இருந்தால், டேட்டாஸ்டோர் காலியா என்று பார்த்து, எல்லா ஹோஸ்டுகளிலும் அன்மவுண்ட் செய்து, எல்லா ஹோஸ்டுகளிலும் லன்னை டிட்டாச் செய்த பிறகே பெட்டிப் பக்கம் போக வேண்டும். பெட்டியில் முதலில் எடுத்துவிட்டால் ஹோஸ்டுக்கு அது திட்டமிட்ட அகற்றலா, கேபிள் அறுந்ததா என்று சில நேரம் புரியாது. எல்லாப் பாதைகளும் போன நிலை என்று கருதி இயல்பாக 140 வினாடிகள் முயன்றுகொண்டே இருக்கும், அந்த நேரத்தில் ஹோஸ்டின் மேலாண்மைத் திரைகூட மந்தமாகலாம்.

பெட்டியில் லன்னின் மேப்பிங்கை (ஹோஸ்டுகளுக்குக் காட்டும் இணைப்பை) மட்டும் எடுத்துவிட்டு, பெயரின் முன்னால் அகற்றிய தேதியைச் சேர்த்து, லன்னை இரண்டு வாரம் அப்படியே விட்டு வையுங்கள். யாரும் தேடி வரவில்லை என்றால் அதற்கப்புறம் அழிக்கலாம்.